நூல் நிலையமும் கூட்டாராய்ச்சியும்

நூல் நிலையம் என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வுக் காலமே நினைவுக்கு வரும். தேர்வு நெருங்கினால் இடம் பிடிக்க ஓடுகிறோம். முடிந்தால் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. நானும் அவ்வாறு இருந்தவனே. சென்ற பருவத்தில் எனக்கு நேர்ந்த ஓர் இக்கட்டு என் எண்ணத்தை மாற்றியது. இவ்வாண்டு ஆய்வேடு எழுதத் தொடங்கும் தம்பி தங்கையர்க்குப் பயன்படுமென்று அதனை இங்கே எழுதுகிறேன்.

உமிச் சாம்பல் கற்பித்த பாடம்

என் ஆய்வு சாயநீரைத் தெளிவிப்பது பற்றியது. பட்டு நெசவுக்குப் பேர்போன இக்காசி நகரில் அதற்குத் தேவை உண்டென்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் உமியை எரித்த சாம்பலுக்குச் சாயத்தைத் தன்மீது இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்பு உண்டு. ‘மெதிலீன் நீலம்’ என்ற சாயத்தைக் கொண்டு சோதனை தொடங்கினேன். சோதனைச்சாலை உலையில் நானே எரித்த சாம்பல் நீல நீரை நன்றாக வெளுக்கச் செய்தது. மேலும் சாம்பல் தேவைப்படவே, ஓர் அரிசி ஆலையின் கொதிகலன் அடுப்பிலிருந்து ஒரு மூட்டை வாங்கி வந்தேன். அன்று பிடித்தது சனி! நீர் நீலமாகவே நின்றது.

நிறுத்தலில் பிழையோ என்று ஐயுற்றேன். கரைசலைப் புதிதாகச் செய்தேன். கண்ணாடிக் குடுவைகளையெல்லாம் திரும்பத் திரும்பக் கழுவினேன். இரண்டு மாதங்கள் இப்படியே போயின. ஆய்வேட்டுக்கு எஞ்சியிருந்ததோ ஐந்து வாரம். வேறு தலைப்புக்கு மாறிவிடலாமா என்று என் வழிகாட்டியே கேட்டுவிட்டார். உதவித்தொகையை நம்பி ஆயிரம் மைல் கடந்து வந்தவனுக்கு அக்கேள்வி எப்படி இருந்திருக்கும்! அன்று மாலை விடுதிக்குச் செல்ல மனமின்றி நூல் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன்.

என் பக்கத்து நாற்காலியில் பீகாரைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். பீங்கான் தொழில் நுட்பம் பயில்பவர். நம் ஊரில் ‘பையா’ என்றால் சிறுவன்; இங்கே அண்ணன். அந்தப் பையா என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “உமியை எத்தனை டிகிரியில் எரித்தாய்?”

எனக்கு விடை தெரியவில்லை. அவர் எழுந்து போய், ரசாயன நூல்களுக்குப் பல அடுக்குகள் தள்ளியிருந்த ஒரு நூலைக் கொண்டுவந்து காட்டினார். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஏறக்குறைய 700 டிகிரி சென்டிகிரேடுக்குள் எரித்தால் அது படிக உருப் பெறாமல், நுண்துளை மிகுந்து, சாயத்தைப் பற்ற இடம் கொடுக்கும். அதற்கு மேலான உஷ்ணத்தில் நெடுநேரம் கிடந்தால் படிகமாக இறுகித் துளைகள் அடைபட்டுப் போகும். பீங்கான் துறையினர்க்கு இது பால பாடம், எனக்கோ புதையல். இரு சாம்பல்களையும் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு உட்படுத்தினேன். ஆலைச் சாம்பல் கூரிய முகடுகளைக் காட்டியது. நான் எரித்தது அகன்ற ஒரு மேட்டை மட்டுமே காட்டியது. ஐயம் தீர்ந்தது, ஆய்வேடும் காலத்தில் முடிந்தது.

சீர்காழி தந்த செல்வர்

இவ்வுதவி தற்செயலாக வாய்த்தது உண்மைதான். ஆயினும் இத்தகைய சந்திப்புக்கு வழி வகுக்கவே நூல் நிலையத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எண்ணிய ஒருவர் நம் பல்கலைக் கழகத்திலேயே பணி புரிந்திருக்கிறார். அவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. இரண்டு மாதம் இழந்த எனக்கு அதன் அருமை தெரியும். டாக்டர் ராதாகிருஷ்ணன் இங்கே துணைவேந்தராக இருந்தபோது அவரை அழைத்தார். 1945 முதல் 1947 வரை இங்கே நூலகராக இருந்து, சுமார் ஒரு லட்சம் நூல்களை அவர் வகைப்படுத்தினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் நன்கொடையால் எழுந்து, 1941 முதல் நம் நூல் நிலையம் இயங்கி வரும் கட்டடத்தில்தான் இது நடந்தது.

அவர் கண்ட ‘கோலன்’ பகுப்பு முறை 1933-இல் வெளிவந்தது. லண்டனில் ஒரு கடையில் கண்ட ‘மெக்கானோ’ விளையாட்டுப் பொருளே அதற்குத் தூண்டுகோல் என்பர். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல பொம்மைகள் செய்வதுபோல, எந்த அறிவுப் பொருளையும் சில கூறுகளின் சேர்க்கையாகக் காணலாம் என்றார். முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என அக்கூறுகள் ஐந்து. என் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மைப் பொருள் சாயநீர்; மூலப்பொருள் சாம்பல்; செயல் பற்றுதல்; இடம் காசி; காலம் இன்று. நான் சாயத்தையும் செயலையும் மட்டுமே படித்தேன். ‘சாம்பல்’ என்ற கூற்றைத் தனியே எடுத்துக் கேட்டிருந்தால் பீங்கான் நூல்களுக்கு நானே போய்ச் சேர்ந்திருப்பேன்.

சிகாகோவில் ஒரு கண்டுபிடிப்பு

பௌதிகம் கற்று நூலகவியலுக்கு வந்த டான் ஸ்வான்சன் என்பவர் சிகாகோ பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். குளிரில் விரல்கள் வெளுத்து நோகும் ‘ரேனோ’ நோயில் இரத்தம் தடிப்பதுண்டு என ஒரு சாரார் எழுதியிருந்தனர். மீன் எண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கும் என வேறொரு சாரார் எழுதியிருந்தனர். ஒருவரை ஒருவர் படித்ததாகவே தெரியவில்லை. ஸ்வான்சன் இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் இந்நோய்க்கு உதவலாம் என்று 1986-இல் எழுதினார். நோயாளரில் ஒரு பிரிவினர்க்கு அது நன்மை செய்ததாக 1989-இல் மருத்துவர்களின் சோதனை ஒன்று வெளிவந்தது. சோதனைச்சாலைக்குள் கால் வைக்காமல், அச்சில் கிடந்தவற்றைச் சேர்த்துப் படித்தே பிறந்த விஞ்ஞானக் கருத்து இது!

நாம் செய்யத்தக்கது

‘ஒரே நாடு ஒரே சந்தா’த் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிய பின், முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகள் அரசு சார்ந்த கல்வி நிலையங்களுக்குத் திறந்திருக்கின்றன. விடுதிக் கட்டிலில் கிடந்தபடியே படிக்கலாம். ஆனால், எத்தனை டிகிரி என்று கேட்கும் பக்கத்து நாற்காலிக்காரர் கட்டிலருகே வரமாட்டார். எதைத் தேடுவது என்றே தெரியாதபோது அவரைப் போன்றவர்தாம் வேண்டும்.

எனவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தம் ஆய்வுச் சிக்கலை ஐந்து கூறாகப் பிரித்து ஐந்தே வரியில் ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதுவோம். வாரம் ஒரு மாலை நூல் நிலையத்தில் கூடி, பிறகு வெளியே தேநீருடன் அதைப் படித்துப் பார்ப்போம். வேளாண்மை பயிலும் தம்பிக்குத் தெரிந்தது பௌதிகம் பயிலும் தங்கைக்கு உதவக்கூடும். தமிழர் மட்டும் கூடி அமர்ந்தால் போதாது. எனக்கு வழிகாட்டியவர் பீகார்க்காரர் என்பதை மறவாதீர்கள். நூலகரிடம் சென்று கேட்கவும் கூச வேண்டாம். எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு மாதம் முன்னதாக ஒருவரிடம் சொல்லியிருந்தால், நான் அத்தனை குடுவைகளைக் கழுவியிருக்க மாட்டேன்.

குறிப்பேட்டை நான் வாங்கி வைத்துவிட்டேன். முதற் பக்கத்தில் என் ஐந்து வரிகள் இருக்கின்றன. இரண்டாம் பக்கம் உங்களுக்கு.