இயந்திரப் பதிவேடுகளை இடம் மாற்றுதல்

ஆலையில் இயங்கும் இயந்திரம் ஒவ்வொன்றிற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அஃது எந்நாளில் நிறுவப்பட்டது, எந்தப் பேரிங் எப்போது மாற்றப்பட்டது, எத்தனை மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை எண்ணெய் இடல் வேண்டும், உதிரிப் பாகங்கள் கிடங்கின் எவ்வறையில் உள்ளன என்னும் இவையெல்லாம் முன்னர்த் தடித்த பேரேடுகளில் எழுதப்பட்டு வந்தன. கணினிகள் வந்த பின்னர் அவை பராமரிப்பு மென்பொருளினுள் புகுந்தன. அம்மென்பொருளும் மூப்பெய்துகின்றது, அதனைச் செய்த கம்பெனியார் ஆதரவை நிறுத்திவிடுகின்றனர், புதியதொன்று வாங்கப்படுகின்றது. பழையதில் உள்ள செய்திகளைப் புதியதிற் கொண்டு சேர்ப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். தொழிலிற் புகும் மாணவர் சிலர்க்கு முதல் ஆண்டிலேயே இவ்வேலை வந்து வாய்க்கக் கூடுமாதலின், இதனைச் சிறிது கருதிப் பார்த்தல் நன்று.

இதனை வீடு மாறுவதோடு ஒப்பிடுவார் உளர். அவ்வொப்புமை முற்றும் பொருந்தாது. வீடு மாறுவோர் பெட்டியைத் திறவாமலே வண்டியில் ஏற்றலாம். பெட்டிக்குள் இருப்பது மாறிவிடாது. செய்தியோ இடம் மாறும்போதே தன் மதிப்பு மாறுகின்றது. பழைய தாளில் ஓர் எண் பென்சிலால் எழுதப்பட்டு, அருகே ஒரு கேள்விக்குறியும் இடப்பட்டிருக்கலாம். கணினித் திரையில் அக்கேள்விக்குறி மறைந்துவிடும். ஐயத்தோடு எழுதிய எண்ணும் அளந்து எழுதிய எண்ணும் அங்கே ஒரே முகத்தோடு நிற்கும்.

இதனால் விளையும் தீங்கிற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துச் சான் புரூனோ என்னும் ஊரில், 2010 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் மாலை, நிலத்தடியிற் சென்ற எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. எண்மர் மாண்டனர், 38 வீடுகள் அழிந்தன. அக்குழாய்ப் பகுதி 1956 இல் இடப்பட்டது. அதன் விட்டம் 30 அங்குலம். பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் கணினிப் பதிவில் அது மூட்டில்லாக் குழாய் என்று குறிக்கப்பட்டிருந்தது. வெடித்த துண்டுகளைச் சோதித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் 2011 இல் வெளியிட்ட அறிக்கையில், அது நெடுக்கு மூட்டுடைய குழாய் என்றும், அவ்விடத்தே குறுந்துண்டுகள் பல இணைக்கப்பட்டிருந்தன என்றும், வெடிப்புத் தொடங்கிய துண்டின் மூட்டு வெளிப்புறத்தே மட்டும் பற்றவைக்கப்பட்டு உட்புறம் விடப்பட்டிருந்தது என்றும் கூறினர். பழைய காகிதத்திலிருந்த பிழை கணினிக்கு ஏறி, அங்கே ஐயத்திற்கு இடமில்லாத செய்தியாய் அமர்ந்துவிட்டது. மூட்டே இல்லை என்று பதிவு சொல்லும்போது மூட்டைச் சோதிக்க எவர் முற்படுவர்? வெளித் துருவைத் தேடும் சோதனையையே கம்பெனியார் கையாண்டு வந்தனர். அது மூட்டின் குறையைக் காட்ட வல்லதன்று. விபத்திற்குப் பின்னர், கௌ பேலஸ் என்னும் பேரரங்கிற் பெட்டி பெட்டியாகப் பழைய காகிதங்களைக் குவித்து 2011 இல் அவர்கள் தேடலாயினர். செய்தியை மாற்றும் காலத்தே செய்யவேண்டிய வேலை அது.

புதிய மென்பொருளில் நிரப்பியே தீரவேண்டிய கட்டங்கள் பல இருக்கும். பழைய பதிவில் அச்செய்தி இல்லையேல், மாற்றுவோர் ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்ப விழைவர். கடைசியாகப் பழுது பார்த்த தேதி தெரியாவிடத்து 1900 ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று இட்டால், முதல் நாளிலேயே தவணை கடந்த வேலைகள் என்று ஆயிரக்கணக்கான சீட்டுகள் எழும். மாற்றம் நிகழ்ந்த தேதியையே இட்டாலோ தீங்கு அதனினும் பெரிது: அடுத்த வாரம் பார்க்கவேண்டிய கம்ப்ரஸர் ஆறு மாதம் தள்ளிப்போகும், அதனை எவரும் அறியார். ஆதலின், ‘தெரியாது’ என்று எழுதுதற்கு ஓர் இடம் புதிய ஏற்பாட்டில் இருத்தல் வேண்டும். அஃது இல்லாத மென்பொருளை வாங்காதிருப்பதே நன்றென்பது எம் கருத்து.

எண்ணிக்கையைச் சரிபார்த்தலும் இன்றியமையாதது. இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 கொரோனா நோயாளரின் விவரம் நாள்தோறும் வெளியிட்ட கணக்கில் விடுபட்டது. பழைய வகை எக்ஸெல் தாளில் 65,536 வரிசைகளே அடங்கும். அதற்கு மேற்பட்டவை ஓசையின்றி உதிர்ந்துபோயின. அந்நோயாளரோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று. புறப்பட்டவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று ஒருமுறை எண்ணியிருப்பின் அன்றே தெரிந்திருக்கும். ஆயினும் எண்ணிக்கை ஒத்துவிட்டது என்று அமைதலும் கூடாது. 00471 என்னும் உதிரிப்பாக எண்ணை எக்ஸெல் 471 ஆக்கிவிடும். வரிசை ஒன்றும் குறையாது, பாகம் மட்டும் கிடங்கிற் கிடைக்காது. 3/4 என்பது மார்ச்சு 4 ஆ, ஏப்ரல் 3 ஆ என்பதும் இவ்வகைத் தொல்லையே.

ஒரே பம்பு மூன்று பெயர்களில் மூன்று இடத்தே பதிந்திருத்தல் எல்லா ஆலைகளிலும் காணலாகும். இதனைத் தீர்க்க வல்லவர் கணினி வல்லுநர் அல்லர். பல்லாண்டு அவ்வியந்திரத்தோடு உழைத்த பிட்டரே. பட்டியலை அச்சிட்டு அவர் கையிற் கொடுத்து, ஆலை முழுதும் உடன் நடந்து, ஒவ்வொரு பெயர்த்தகட்டையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். அவர் ஓய்வு பெறுமுன் இதனைச் செய்தல் நலம்.

பின்னர்ச் சிறு பகுதியை மட்டும் ஏற்றிச் சோதித்து, சில வாரம் இரண்டு ஏற்பாடுகளையும் ஒருங்கே நடத்திப் பார்த்து, அதன்பின் பழையதை நிறுத்தலாம். நிறுத்துதல் வேறு, அழித்தல் வேறு. வாசிக்க மட்டும் இயலும் நிலையிற் பழையதைக் காத்து, புதியதிலுள்ள செய்தி எந்தத் தாளிலிருந்து, எவரால், எந்நாளில் ஏற்றப்பட்டது என்னும் குறிப்பையும் உடன் வைத்தல் வேண்டும். அவற்றைக் காப்பது யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தீர்மானித்துக்கொள்க.