வீடியோ புரிந்தால் இயற்பியல் புரிந்ததா?

கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழுந்து, காட்டுக்குள் பாறை பாறையாக இறங்கி வரும் அய்யாறு, திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையில் சமதளம் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாகக் கூட்டம் வந்து இறங்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். "இடுப்பளவுதாண்டா, இறங்கு" என்று யாராவது ஒருவர் சொல்வார். கண்ணுக்கு இடுப்பளவாகத் தெரிவது உண்மையில் நெஞ்சளவு இருக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் எட்டடி ஆழம் ஆறடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும்.

இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையும், மடுவில் கால் வைக்கும்போது கண்ணைத்தான் நம்புகிறது. இயற்பியல் படிப்பில் உள்ள சிக்கலே இதுதான். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர்கள் கதையையும் வரலாற்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகி இயற்பியல் வந்து நிற்கும்போது திகைக்கிறார்கள். பிறகு 'செல்ஃப் பேஸ்டு கோர்ஸ்' தேடத் தொடங்குகிறார்கள். நேரமும் வேகமும் நம் கையில் இருக்கும் படிப்பு அது. தேடும்போது காதில் விழும் அறிவுரைகளில் பாதி வெறும் நம்பிக்கை.

அவற்றில் முதலாவது, வீடியோ தெளிவாக இருந்தால் பாடம் நல்ல பாடம் என்பது. இன்று 'வெரிட்டாசியம்' யூடியூப் சேனலால் உலகத்துக்கே தெரிந்த டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். நியூட்டன் விதிகளைப் பற்றிய வீடியோக்களை மாணவர்களுக்குக் காட்டி, முன்னும் பின்னும் தேர்வு வைத்தார். பிசிறில்லாமல் விளக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள், எளிமையாக இருந்தது, நன்றாகப் புரிந்தது என்றார்கள். மதிப்பெண்ணோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு வீடியோவில், மாணவர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதை மடக்கி விவாதித்தார். அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்று முணுமுணுத்தார்கள்; ஆனால் மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான்.

காரணம் எளிது. மேலே எறிந்த பந்து கையை விட்ட பிறகும், மேல்நோக்கி ஒரு விசை அதைத் தள்ளிக்கொண்டிருப்பதாகப் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படி எதுவும் இல்லை. காற்றின் தடையை விட்டுவிட்டால், கையை விட்ட கணத்திலிருந்து பந்தின் மேல் இருப்பது புவியீர்ப்பு மட்டும்தான், அதுவும் கீழ்நோக்கி. தெளிவான வீடியோவைப் பார்க்கும் பிள்ளை தன் பழைய எண்ணத்தையே அதிலும் கேட்டுவிட்டு, தெரிந்ததுதானே என்று தலையாட்டிவிடுகிறது. எனவே கோர்ஸ் வாங்கும் முன் இலவச மாதிரிப் பாடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: விடையைச் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் கேட்கிறதா? கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது நிற்கிறவர் ஏன் வெளிப்பக்கம் சாய்கிறார் என்று கேட்டு, பதிலை எழுதவைத்து, அதன் பிறகு விளக்கும் பாடம் பார்க்கச் சுமாராக இருந்தாலும் காசுக்கு மதிப்பு. அனிமேஷன் பளபளப்பு இரண்டாம் பட்சம்.

அடுத்தது, வேகம் நம் கையில் இருந்தால் படிப்பு தானாக ஓடும் என்ற நம்பிக்கை. சுயவேகக் கல்விக்கு அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் 1968இல் ஒரு முறையான வடிவம் கொடுத்தார். எம்.ஐ.டி.யில் தொடக்கநிலை இயற்பியலையே அந்த முறையில் நடத்திப் பார்த்தார்கள். அதில் வேகம் மாணவருடையதுதான். ஆனால் ஒரு அலகின் தேர்வில் தேறாமல் அடுத்த அலகுக்குப் போக முடியாது. தேர்வைத் திருத்தி எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருப்பார். இன்று விற்கப்படும் கோர்ஸ்களில் பல, கெல்லரின் வேகத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆளை விட்டுவிட்டன. விளைவு எண்களில் தெரிகிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பெரியவர்களின் கதையே இது என்றால், தோட்டத்தில் மாமரமும் பக்கத்தில் ஆறும் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பது? வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் பிள்ளை வாய்விட்டுப் பாடம் சொல்ல, கேட்க ஒருவர் வேண்டும். அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விடாமல் "ஏன்?" என்று கேட்டால் போதும்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, லேப் இல்லாத வீட்டில் இயற்பியலே நடக்காது என்பது. மற்றது, சிமுலேஷன் இருக்கும்போது லேப் எதற்கு என்பது.

முதல் நம்பிக்கைக்கு ஜேம்ஸ் ஜூல் பதில் சொல்வார். ஆற்றலின் அலகுக்கே பெயர் தந்த அவர் பள்ளிக்கூடம் போகாதவர். மதுபான ஆலைக்காரர் வீட்டில் 1818இல் பிறந்து, ஆசிரியர் வைத்து வீட்டிலேயே படித்தார். அணுக்கொள்கை புகழ் ஜான் டால்டன் சில காலம் அவருக்கும் அண்ணனுக்கும் பாடம் நடத்தினார். 1847இல் புதுமனைவியோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போன இடத்தில், அருவியின் மேலும் கீழும் வெப்பநிலையை அளக்கும் திட்டமும் ஜூலிடம் இருந்தது என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அருவி திவலையாகச் சிதறியதால் அளவீடு கைகூடவில்லையாம்.

விழும் தண்ணீரின் ஆற்றல் வெப்பமாகும் அந்தக் கணக்கை நம் ஊர் அருவிக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகாய கங்கையின் உயரம் சுமார் 300 அடி என்பார்கள். 90 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீர் அவ்வளவு தூரம் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 880 ஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 4,190 ஜூல் வேண்டும். ஆக, கீழே தண்ணீர் 0.2 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப்போய், ஒரு டிகிரி கோடு போட்ட பள்ளிக்கூட வெப்பமானியை நீட்டினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சாரல் ஆவியாகும்போது தண்ணீர் குளிர்வது வேறு கணக்கைக் குலைக்கும். ஏன் தெரியவில்லை, தெரிய என்ன கருவி வேண்டும் என்று பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்லும் கோர்ஸ்தான் இயற்பியல் சொல்லித் தருகிறது.

இரண்டாவது நம்பிக்கையின் கோளாறும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' சிமுலேஷன்கள் அருமையானவை, இலவசம். சில தமிழிலும் கிடைக்கின்றன. பலவற்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால், சிக்னல் வந்து வந்து போகும் மலையடிவாரத்துக்கு ஏற்றவை. ஆனால் திரையில் இருக்கும் வெப்பமானி பிழை செய்யாது. கை நடுங்காது, பார்வை சாயாது. அதனால் ஒரு கண்ணாடி ஜாடியில் 24 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ரூபாய்க் காசு போட்டு, நேர் மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜாடிக்கு வெளியே ஒட்டினாற்போல் ஒரு பென்சிலை மேலும் கீழும் நகர்த்தி, தலையை அசைத்தாலும் பென்சில் முனையும் காசும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் தெரியும் உயரத்தைக் குறிக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 18 சென்டிமீட்டர் வர வேண்டும். முதல் தடவை 16 வரும், அடுத்து 20 வரும். நோட்டில் அந்த 16ஐயும் 20ஐயும் அடிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் பாடம் எது என்று பாருங்கள். வெப்பமானி கையில் இருந்தால் மலைமேல் ஒரு முறை தண்ணீர் கொதிக்கவைத்தும் பார்க்கலாம். 1,000 மீட்டர் உயரத்தில் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கோர்ஸ், ஐ.ஐ.டி. கோச்சிங் பேக்கேஜ் என்று பல ஆயிரங்களைக் கொட்டும் முன், தமிழ்நாடு அரசின் மேல்நிலை இயற்பியல் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எச்.சி. வர்மாவின் இயற்பியல் நூலின் இரண்டு தொகுதிகளும் நல்லவைதான், ஆனால் சைன், காஸ் தடுமாறும் பிள்ளை கையில் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடும். இரண்டு மாதம் கணக்கைச் சரிசெய்துவிட்டு வந்தால் நஷ்டமில்லை.

கடைசியாக, வீட்டில் படித்தால் சான்றிதழ் கிடைக்காது, மேற்படிப்பு போச்சு என்பது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். முந்தைய பள்ளியின் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி போதும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், தேர்வெழுத ஒன்பது வாய்ப்பு உண்டு. ஐந்து பாடங்களோடு அங்கே மேல்நிலை முடித்தவர்கள் ஜே.இ.இ. எழுதலாம். நீட் விஷயத்தில் 2018இல் வந்த தடையைத் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. 2024இல் உச்சநீதிமன்றத்தோடு அந்த வழக்கு முடிந்தது. சான்றிதழே வேண்டாம் என்று இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மும்பையில் வீட்டில் படித்த மாள்விகா ராஜ் ஜோஷி, கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். சென்னைக் கணிதவியல் கழகமும் அதற்கு முன்பே அவருக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் பிளஸ் டூ இல்லாததால் ஐ.ஐ.டி. வாசல் அவருக்குத் திறக்கவில்லை.

சான்றிதழுக்கு இன்னொரு வழியான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வின் இயற்பியலில் செய்முறைக்குப் பதிலாக எழுதும் ஆறாம் தாள் ஒன்று உண்டு. லேப் இல்லாத வீடுகள் அதை விரும்புவது அதனால்தான். கட்டணம்தான் கைக்கு எட்டாது. திறந்தநிலைப் பள்ளியின் மேல்நிலை இயற்பியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண். அதைப் படிப்பு மையத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும், தியரியில் எவ்வளவு வாங்கினாலும் அதில் தனியாகத் தேற வேண்டும். எல்லா மையங்களிலும் எல்லாப் பாடங்களும் இருப்பதில்லை. எனவே கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் திருச்சியிலோ நாமக்கல்லிலோ எந்த மையத்தில் இயற்பியல் செய்முறை நடக்கிறது, எந்த மாதத்தில் நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.