எல்லையோரத்தில் அமெரிக்காவைத் தேடுகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், குமுளி, மூணாறு பக்கத்தில் வரலாறு படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அமெரிக்க வரலாறு என்றால் வாஷிங்டன், லிங்கன், பரீட்சையில் ஐந்து மார்க் என்று முடித்துவிடுகிறீர்கள். அது நம் அடுப்படியிலும் ஜீப் ஸ்டாண்டிலும் கிடக்கிறது. தேடும் வழிகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பொருளை முதலில் கையில் எடுங்கள். புத்தகத்தை அப்புறம் திறக்கலாம். ஒரு பொருள், அது நம் பக்கம் வந்த காலம், கொண்டுவந்த ஆள், அதற்குப் பணம் போட்ட ஆள் ஆகிய நான்கையும் எழுத முடிந்தால் அது தொடர்பு. இல்லாவிட்டால் வெறும் டீக்கடைப் பேச்சு.

2. கண்டத்தையும் நாட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மரவள்ளி, மிளகாய், கொக்கோ எல்லாம் தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் பிறந்தவை. அமெரிக்க ஐக்கிய நாடு என்று ஒன்று உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே மிளகாய் நம் அம்மிக்கு வந்துவிட்டது. இவை கொலம்பஸ் கணக்கு. அதைத் தனி நோட்டில் எழுதுங்கள். ரப்பரில் மட்டும் ஒரு கிளை இந்தப் பக்கம் வரும். வெயிலில் ஒட்டி, குளிரில் விறைத்துக் கிடந்த ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உருப்படியாக்கியதற்கு 1844-இல் காப்புரிமை வாங்கிய சார்லஸ் குட்இயர் அமெரிக்கர். அவர் கடனாளியாகவே செத்தார்.

3. தேயிலை என்றதும் பாஸ்டனுக்கு ஓடாதீர்கள். 1773-இல் அந்தத் துறைமுகத்தில் கொட்டப்பட்டது சீனத் தேயிலை. மூணாறில் தேயிலை வேர்விட அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மூணாறுக்குத் தொடர்பு வேண்டுமென்றால் அது மிகப் பிந்தையது. டாடா டீ 2005-இல் இங்குள்ள தோட்டங்களில் பெரும்பகுதியைத் தொழிலாளர்கள் பங்குதாரர்களான புதுக் கம்பெனியிடம் விட்டது. மறு ஆண்டே, 1859-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'எய்ட் ஓ'கிளாக்' என்ற காப்பிப் பெயரை விலைக்கு வாங்கியது. நம்மவர்கள் லயத்து வீடு ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்தவனுக்கு வரலாறு வரும்.

4. பருத்தியில் நிதானமாக இருங்கள். நம் பாலக்காட்டுக் கணவாயில் இதைவிடப் பெரிய தொடர்பு கிடையாது. வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசல் பாலக்காட்டில் இருந்தாலும் அதன் குணம் கோயம்புத்தூர்க் குணம். கிழக்கிந்தியக் கம்பெனி 1840-இல் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து பருத்தி விவசாயம் தெரிந்த பத்துப் பேரைச் சம்பளம் பேசி இந்தியாவுக்கு வரவழைத்தது. மதராஸ் மாகாணத்தில் அந்தச் சோதனை முக்கியமாக நடந்தது கோவையில். பொறுப்பில் இருந்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். நம் மழைக் கணக்கு அந்தச் செடிக்குச் சரிவரவில்லை. நினைத்த விளைச்சல் கிடைக்கவில்லை. அந்த அமெரிக்கர்கள் வந்த ஊரில் பருத்தி எடுத்தவர்கள் அடிமைகள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

அடிமைமுறைக்காக 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு மாநிலங்களின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை மறித்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் நின்றன. இந்தியப் பருத்திக்கு விலை தாறுமாறாக ஏறியது. போர் 1865-இல் முடிந்ததும் விழுந்தது. பேப்பூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது இந்த இடைவெளியில்தான், 1862-இல். போருக்காகத்தான் பாதை போட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரே காலத்தில் நடந்ததெல்லாம் ஒன்றால் மற்றொன்று நடந்ததாகாது. புதிதாக எழுத வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

அமெரிக்கச் செடி பிறகு வேறு வழியாக வந்தது. 1900-களின் தொடக்கத்தில் 'கம்போடியா' என்ற பெயரில் வந்த பருத்தி அதே மேட்டுநிலப் பருத்தி இனம்தான். எம்.சி.யூ. என்று உழவர்கள் சொல்லும் ரகங்களை விரித்தால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. மூன்று ஊர்ப் பெயரில் அமெரிக்கா இல்லை, செடியில் இருக்கிறது.

5. அடுத்தது சோறு. பாலக்காட்டு மட்ட அரிசியில் 'ஜோதி' என்ற ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் 1974-இல் தந்தது. பி.டி.பி.10 என்ற நம்மூர் நெல்லையும் ஐ.ஆர்.8-ஐயும் ஒட்டுச் சேர்த்த பிள்ளை அது. ஐ.ஆர்.8 பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸ் நிலையத்தில் 1966-இல் வெளியானது. 1960-இல் அந்த நிலையத்துக்குப் பணம் கொடுத்தவை ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள். ஒன்று கார் விற்ற பணம், மற்றொன்று மண்ணெண்ணெய் விற்ற பணம். அந்த மண்ணெண்ணெயும் நம் ஊர்களுக்கு வந்தது, ஐந்து அமெரிக்க கேலன் பிடிக்கும் சதுர டின்னில், பெட்டிக்கு இரண்டாக. காலி டின்னில் தண்ணீர் சுமந்தார்கள், கூரை வேய்ந்தார்கள். பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய நிபுணர்கள் 1959-இல் இந்திய உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குக் கேரளத்தில் எடுத்த மாவட்டங்கள் ஆலப்புழையும் பாலக்காடும். விதை, உரம், கடன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உரமூட்டை நம் வரப்பில் நிரந்தரமானது அந்தத் தலைமுறையில்தான்.

6. இடுக்கிப் பிள்ளைகளுக்கு ஜீப். கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற ஜீப்பை நாளும் பார்க்கிறீர்கள். சூரியநெல்லியில் கொழுக்குமலைக்குப் போக நிற்கும் பழைய ஜீப் ஒன்றில் குனிந்து பாருங்கள். டிரைவர் காலடியில் நீளமான கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன்சக்கரமும் இழுக்கும். சேற்றில் புதைந்த வண்டி மேலேறும். இது 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்ட வசதி. பென்சில்வேனியாவின் பாண்டம் கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. ஒஹாயோவின் வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. மகிந்திரா 1947-இல் வில்லிஸ் வண்டிகளை இங்கே பூட்டத் தொடங்கியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே ஜீப் சாயலில் 'ராக்ஸர்' என்ற வண்டியை மகிந்திரா மிச்சிகனில் செய்து விற்கப்போக, 2020-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அந்த உருவம் ஜீப் கம்பெனிக்குச் சொந்தம் என்று தடுத்தது. முகப்பை மாற்றிய பிறகே விற்க முடிந்தது.

7. கோலா பாட்டிலை ஆராயப் போகிறவர்கள் அட்லாண்டாவிலிருந்து தொடங்கி பிளாச்சிமடையில் முடியுங்கள். 1865 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், தெற்குப் படையில் சண்டையிட்ட ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்துக் கடைக்காரர் வாள்வெட்டுப் பட்டார். வலிக்கு எடுத்த மார்ஃபின் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மாற்றாகக் கோக்கா இலை சேர்த்த ஒயின் ஒன்றைக் காய்ச்சினார். அட்லாண்டாவில் மதுவிலக்கு வந்ததும் ஒயினை எடுத்துவிட்டார். 1886-இல் ஒரு கிளாஸ் ஐந்து சென்ட்டுக்கு விற்றது அந்தப் பானம். கோவைப் பருத்திக்கு விலை ஏற்றிய அதே போர்தான் இதற்கும் மூலம்.

அந்தக் கோலா கம்பெனியின் ஆலை 2000-இல் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் ஓடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று இரவாளர், மலசர் குடிமக்கள் 2002 ஏப்ரல் 22 அன்று வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த குழு 2010-இல் சேதத்தை 216.25 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பி வந்தது. பெம்பர்ட்டன் கதையை மட்டும் சுவையாக எழுதி இந்தப் பத்தியை விடுகிறவன் விளம்பரம் எழுதுகிறான்.

8. அமெரிக்காவுக்கு நன்றிக் கடிதமும் எழுத வேண்டாம், வசைக் கடிதமும் எழுத வேண்டாம். யார் கொடுத்தார், யார் வாங்கினார், யாருக்கு மிஞ்சியது என்று எழுதுங்கள், போதும்.

9. கடைசியாக, இதில் அவசரமான வேலை. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் கையெழுத்திட்ட பி.எல்.480 சட்டம் அமெரிக்க உழவர்களின் மிஞ்சிய தானியத்தை வெளியே தள்ள வழிசெய்தது. 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்க உதவி அமைப்பு மூலம் அந்தத் தானியமும் பால்பொடியும் கேரளத்துப் பள்ளிகளுக்கு வந்தன. சாக்கில் கைகுலுக்கும் இரண்டு கைகள் அச்சாகியிருக்கும். ரவை உப்புமாவாகக் கிளறப்பட்டது. அதைத் தின்று படித்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த உப்புமா பிடித்ததா, வீட்டில் சோறு இருந்ததா, காலிச் சாக்கை என்ன செய்தார்கள், எந்தச் சாதிப் பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்தது என்று கேளுங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பருத்திக்கும் ஜீப்புக்கும் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அது காத்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போங்கள்.