எண்ணுக்கு முன் பொருளடக்கம்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இந்த ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு சார்?" என்பதுதான். நான் முதலில் அந்த இதழின் ஓராண்டுப் பொருளடக்கத்தைத் திறந்து வைப்பேன். ஆய்வுக் கட்டுரை எத்தனை, ரிவ்யூ எத்தனை, தலையங்கமும் கடிதமும் எத்தனை என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2022, 2023இல் வெளியானவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அவ்விரு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரை, ரிவ்யூ எண்ணிக்கையால் வகுத்தால் 2024க்கான எண் வரும். தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் கிடைக்கும் மேற்கோள் தொகுதியில் சேரும். அவை மட்டும் பகுதியில் வராது. எந்த வகைகளைப் பகுதியில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து, தங்கள் எண் 3க்குக் கீழிருந்து 11 வரை ஊசலாடியதாக 'பிளாஸ் மெடிசின்' என்ற மருத்துவ இதழின் ஆசிரியர்களே 2006இல் எழுதினார்கள். கட்டுரைகள் அவையேதான்!

ஒரே கட்டுரை ஓர் இதழைத் தூக்கி நிறுத்தியதும் உண்டு. படிகவியல் இதழான 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' 2008இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக்கின் ஷெல்எக்ஸ் மென்பொருள் வரலாற்றை வெளியிட்டது. அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் இதையே மேற்கோள் காட்டலாம் என்று கட்டுரையிலேயே குறிப்பு இருந்தது. இரண்டையொட்டி இருந்த இம்பாக்ட் ஃபேக்டர் 2009இல் 49.926 ஆனது, அந்த ஆண்டு 'நேச்சர்' இதழையே முந்தியது. இரண்டாண்டு வரம்பைக் கட்டுரை தாண்டியதும் எண் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. அதே இதழில் அந்த ஆண்டுகளில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகளுக்கு இதனால் ஒரு மேற்கோள்கூடக் கூடியிருக்காது.

ரிவ்யூ மட்டும் வெளியிடும் இதழோடு, ஆய்வுக் கட்டுரை மட்டும் போடும் இதழை ஒப்பிடவே கூடாது என்பேன். முன்னுரை எழுதுகிறவர்கள் பத்து ஆய்வுகளைத் தனித்தனியே காட்டாமல் ஒரு ரிவ்யூவைக் காட்டிவிட்டு நகர்வார்கள். மேற்கோள் அங்கே குவியும். மாதக்கணக்கில் களத்தில் அலைந்து தரவு சேர்த்த பிள்ளை, தன் இதழின் எண் 2தான் என்று குன்றிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

உங்கள் நூலகத்தில் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜே.சி.ஆர். (ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்) இருந்தால் இதழின் பக்கத்தில் மேற்கோள் பரவல் வரைபடத்தைத் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்று, ரிவ்யூவுக்கு ஒன்று என இடைநிலை மேற்கோள் எண்ணைத் தனித்தனியே தந்திருப்பார்கள். நீங்கள் அனுப்பப்போவது எந்த வகையோ, அதற்கான எண்ணைப் பாருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தேர்வுக் குழுவில் யாராவது இம்பாக்ட் ஃபேக்டரைக் கேட்டால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து நீட்டலாம்.