அரைக்கிலோவும் ஒரு சுருள்வில்லும்



சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு தாயார் தம் மகளுடன் என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்க பாலாநகர்ல டூல் ரூம்ல வேலை பார்த்தவர்னு சொன்னாங்க. இவளோட ஏர் பிஸ்டல்ல டிரிக்கர் ஸ்பிரிங் உடைஞ்சுபோச்சு. பத்து நாள்ல போட்டி. இவ அப்பா ஒரு பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுக் கொடுத்திருக்கார். அது சரியான்னு பார்த்துச் சொல்லணும்."

மகள் முகத்தில் கவலையே இல்லை. "மாமா, முன்னைவிட இப்பதான் நல்லா இருக்கு. தொட்டாலே சுடுது" என்றாள்.

அந்தத் "தொட்டாலே" என்ற சொல்தான் என்னை அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போக வைத்தது. அங்கே நாங்கள் செய்ததையும், அதன் பின்னே உள்ள அறிவியலையும் இந்த இதழில் பாடமாகத் தருகிறேன். துப்பாக்கியே பிடிக்காத பிள்ளைகளுக்கும் இதில் பயன் உண்டு; ஏனெனில் பாடம் சுருள்வில்லைப் பற்றியது.

நம் ஊரும் இந்த விளையாட்டும்

இது நமக்கு அந்நியமான விளையாட்டு அன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். கச்சிபௌலி தளத்தில் பழகிய நம் நகரப் பெண் ஈஷா சிங், 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒரு தங்கமும் மூன்று வெள்ளியும் பெற்றார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனை வழிநடத்தியவர் அதே ககன் நாரங்தான். இளவேனில் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் பெண் அவர்.

சிறு உறுப்பு, பெரிய இழப்பு

ஒரு சின்ன உறுப்பு எவ்வளவு பெரிய காரியத்தைக் கெடுக்கும் என்பதற்கு மனு பாக்கரின் அனுபவமே சான்று. 2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டும். 16 குண்டு முடிந்த நிலையில் அவருடைய பிஸ்டலின் காக்கிங் லீவர், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் முன் இழுத்து ஏற்றும் நெம்புகோல், உடைந்துபோனது. அதை மாற்றி மீண்டும் வரிசைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் போய்விட்டது. கூடுதல் நேரம் கிடைக்கவில்லை. மீதி 44 குண்டுகளையும் 40 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சுட்டு 575 புள்ளி எடுத்தார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அவருக்கு 12ஆம் இடம். இரண்டே புள்ளியில் வாய்ப்புப் போயிற்று.

அங்கே உடைந்தது நெம்புகோல். இங்கே உடைந்தது ஸ்பிரிங். பாடம் ஒன்றுதான். பழுது சொல்லிக்கொண்டு வராது. அதற்கு முன்கூட்டியே தயாராவது நம் கையில் இருக்கிறது.

டிரிக்கருக்குள் என்ன நடக்கிறது?

தமிழில் "விசை" என்றால் டிரிக்கரையும் குறிக்கும். இயற்பியலில் நாம் படிக்கும் விசையையும் குறிக்கும். குழப்பம் வராமலிருக்க, உறுப்பை டிரிக்கர் என்றும், அதை இழுக்கும் வலிமையை விசை என்றும் சொல்வோம்.

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. உருளையில் அழுத்தி அடைத்த காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. ஏற்றியவுடன் உள்ளே ஒரு சுத்தியல் பின்னுக்குப் போய் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். டிரிக்கரை இழுத்தால் கொக்கி நழுவும்; சுத்தியல் வால்வைத் தட்டும்; காற்று பாயும். கொக்கியையும் டிரிக்கரையும் அவற்றின் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை சிறிய ஸ்பிரிங்குகள்.

இழுப்பில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் டிரிக்கர் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும். இரண்டாம் கட்டத்தில் இன்னும் சிறிது அழுத்தினால் விடுபடும். அந்த முட்டும் இடத்தை விரல் அறிய வேண்டும். 10 மீட்டர் தொலைவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாவிட்டால், கை திடுக்கிட்டு அசைந்துவிடும்.

இதற்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதாவது அரைக்கிலோவைப் புவி இழுக்கும் விசை, ஏறத்தாழ 4.9 நியூட்டன். போட்டி முடிந்ததும் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள். மூன்று முயற்சிக்குள் எடையைத் தூக்காவிட்டால் தகுதி நீக்கம். எடுத்த புள்ளி எத்தனை ஆனாலும் பயனில்லை.

ஸ்பிரிங் ஏன் உடைகிறது?

ஒரு நாளைக்கு 200 முறை வீதம், ஆண்டுக்கு 300 நாள் டிரிக்கரை இழுத்தால் 60,000 முறை ஆகிறது. குண்டில்லாமல் செய்யும் பயிற்சியையும் சேர்த்துத்தான் கணக்கு. ஒவ்வொரு முறையும் கம்பி சிறிது முறுக்கப்பட்டுத் திரும்புகிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் கடைசியில் ஒடிவதைப் போல, உலோகமும் களைத்துப்போகும். மேற்பரப்பில் உள்ள கீறலோ, வியர்வை உப்பால் பிடித்த துருவோ அந்த ஒடிவுக்குத் தொடக்கப் புள்ளி ஆகும். பெரும்பாலும் முனை வளைவிலோ, பக்கச் சுவரில் உரசும் இடத்திலோ உடையும்.

உடைவதற்கு முன் சில அடையாளம் தென்படலாம். இழுப்பு நாளுக்கு நாள் லேசாகும். டிரிக்கர் சோம்பலாகத் திரும்பும். முட்டும் இடம் மாறும். ஏற்றும்போதே தானாக விடுபட்டால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அது ஆபத்து.

"ஏறத்தாழ அதே மாதிரி" ஏன் கூடாது?

ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோமோ அந்த அளவுக்கு அதன் எதிர்விசை கூடும். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. இந்த விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது கம்பியின் தடிமன். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்காக மாறும். 0.5 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 0.6 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் தடிமன் 1.2 மடங்குதான். ஆனால் 1.2ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 2.07. விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்!

இரண்டாவது சுருளின் அகலம். சுருள் அகலமானால் விறைப்பு குறையும். அகலம் இரு மடங்கானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும்.

மூன்றாவது சுற்றுகளின் எண்ணிக்கை. பத்துச் சுற்றில் இரண்டை வெட்டினால் மீதி எட்டு. விறைப்பு ஒன்றேகால் மடங்கு ஆகும். ஆனால் நீளமும் குறைந்துவிடுவதால் தொடக்க அழுத்தம் போய்விடும். இழுப்பு முதலில் தொளதொள என்று இருந்து பிறகு சட்டென விறைக்கும். "வெட்டினால் லேசாகும்" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பேனா ஸ்பிரிங் எழுதுமுனையைத் தள்ளுவதற்கென்று செய்தது. இந்த மூன்று அளவில் எதிலும் பிஸ்டலோடு அதற்கு உறவில்லை.

மாற்றும் முறை

இங்கே சொல்வது ஏர் பிஸ்டலுக்கு மட்டும். .22 போன்ற தோட்டா பிஸ்டல் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டியது. அதை வீட்டில் பிரிக்கக் கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். ஏர் பிஸ்டலையும் பெரியவர் உடனிருக்க, தயாரிப்பாளரின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

1. உள்ளே குண்டு இல்லை என்பதை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். காற்று உருளையைக் கழற்றி, மிச்சக் காற்றும் வெளியேறியதை உறுதி செய்யுங்கள். குழாய்முனை எப்போதும் ஆளில்லாத திசையில் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். சரிசெய்யும் திருகு ஒவ்வொன்றையும் முழுக்க உள்ளே திருக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப இதுவே வழி.

3. தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடும். அந்தப் பகுதியைப் பெரிய பாலிதீன் பைக்குள் வைத்துக் கழற்றினால், துள்ளினாலும் பைக்குள்ளேயே விழும்.

4. உடைந்த துண்டுகள் அனைத்தையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினால் கொக்கியில் சிக்கும்.

5. அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் தரும் ஸ்பிரிங்கையே போடுங்கள். கம்பித் தடிமன், அகலம், சுற்று, முனையின் திசை நான்கையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

6. எண்ணெயை ஊற்றாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகும். கையேடு சொன்ன இடத்தில் சொன்ன அளவு போதும்.

7. வலிந்து எதையும் திருகாதீர்கள். இறுகினால் எங்கோ தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

8. குண்டில்லாமல் பலமுறை ஏற்றி இழுத்துப் பாருங்கள். ஏற்றிய நிலையில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் விடுபடக் கூடாது.

எடை போடுதல்

மளிகைக் கடையில் முத்திரையிட்ட எடைக்கற்களை இரவல் வாங்கினோம். பிஸ்டலின் குழாயைச் செங்குத்தாக மேலே நிறுத்தி, விரல் படும் இடத்தில் கொக்கியை மாட்டி, மேசையில் கிடக்கும் எடையை மெல்லத் தூக்க வேண்டும். எடை மேசையை விட்டு எழுந்தும் டிரிக்கர் விடுபடக் கூடாது.

முதலில் பேனா ஸ்பிரிங்கோடு பார்த்தோம். 500ஐத் தூக்கவில்லை. 400ஐயும் தூக்கவில்லை. 300ஐத்தான் தூக்கியது.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: "அப்ப நான் நல்லா சுட்டிருந்தாலும்?"

"எழுதின பேப்பரையே கிழிச்சுப் போட்ட மாதிரிதான்ம்மா" என்றேன்.

சரியான ஸ்பிரிங் விற்பனையாளரிடமிருந்து வர நான்கு நாள் ஆயிற்று. மாற்றி, 510ஐத் தூக்கி 520இல் விடுபடுமாறு திருகைச் சரிசெய்தோம். மறுநாள் தளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில், விதிப்படி காற்றை ஏற்றிய நிலையில் மீண்டும் எடை போட்டார்கள். தேதி, எடை, திருகின் சுற்று மூன்றையும் அவள் ஒரு நோட்டில் குறித்தாள். கூடுதலாக ஒரு ஸ்பிரிங்கும் பெட்டியில் இடம்பிடித்தது. "கனமா இருக்கு மாமா" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். கனம் கூடவில்லை, விரல் சோம்பலுக்குப் பழகியிருந்தது.

போட்டியில் அவள் வழக்கத்தைவிட ஐந்து புள்ளி குறைவாகவே எடுத்தாள். முடிந்ததும் எடைச் சோதனைக்கு அவளையும் அழைத்திருக்கிறார்கள். அன்றிரவு தொலைபேசியில் புள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. "மாமா, முதல் தடவையிலேயே தூக்கிடுச்சு!" என்றாள்.

டோக்கியோவில் கண் கலங்கி வெளியேறிய மனு பாக்கர், 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 221.7 புள்ளியுடன் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இடையில் மூன்று ஆண்டு உழைப்பு. நம் வீட்டுப் பெண்ணுக்கும் காலம் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. 0.4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 0.5 மில்லிமீட்டர் கம்பி போட்டால் விறைப்பு எத்தனை மடங்காகும்?

2. துணி மாட்டும் கிளிப்பில் உள்ள ஸ்பிரிங்கையும் பேனா ஸ்பிரிங்கையும் ஒப்பிடுங்கள். எது அமுங்கி வேலை செய்கிறது, எது முறுக்கி வேலை செய்கிறது?

3. உங்கள் வீட்டில் ஸ்பிரிங் உள்ள பத்துப் பொருள்களைத் தமிழில் பட்டியலிடுங்கள்.

விடைகளை அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எழுதிக் கொண்டுவாருங்கள்.