தோலைப் பார்க்க வேண்டாம், அறுத்துப் பாருங்கள்

ஊதா, சிவப்பு நிறச் சதையுள்ள உருளைக்கிழங்கில் சத்து அதிகம் என்ற பேச்சு இப்போது சிற்றூர்களிலும் கேட்கிறது. திருப்புலிவனம், உத்திரமேரூர் வட்டாரத்தில் அதைப் பயிரிடலாமா என்ற எண்ணம் சிலருக்கு எழலாம். பயிரிட்டால் கைப்பொருள்தான் நட்டமாகும். உருளைக்கிழங்குச் செடி கிழங்கு வைக்க இரவு வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊதாத் தோலுள்ள 'குப்ரி நீல்கண்ட்' ரகமும் வட இந்தியச் சமவெளியின் குளிர்காலத்துக்கு உரியதே.

ஆனால் அதே வண்ணச் சத்துகளை நம் மண்ணில் விளைவிக்க வேறு வழி உண்டு. அதுதான் நாம் நன்கு அறிந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

நிறமே சத்து

உடலில் உணவு எரிந்து சக்தியாகும்போது சில வேகமான மூலக்கூறுகள் உண்டாகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் இவை திசுக்களைத் தாக்கும். அதைத் தணிக்கும் பொருள்களையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்கிறோம். கிழங்குக்கு நிறம் தரும் பொருள்களில் இத்தன்மை உண்டு.

ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டினால் வருவது. காரட்டிலும் பப்பாளியிலும் உள்ளதும் இதுவே. உடல் இதை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வராமல் காப்பது இந்த வைட்டமின். ஊதா நிறம் ஆந்தோசயனினால் வருவது. நாவல் பழத்தின் நிறமும் இதுவே.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இரு ரகங்களை வெளியிட்டுள்ளது. ஆரஞ்சுச் சதையுள்ள 'பூ சோனா'வில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. ஊதாச் சதையுள்ள 'பூ கிருஷ்ணா'வில் 100 கிராமுக்குச் சுமார் 90 மில்லிகிராம் ஆந்தோசயனின் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிக் குழந்தைகளின் வைட்டமின் 'ஏ' குறையைப் போக்க உழைத்தவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

எங்கே ஏமாறுவோம்?

சந்தையில் விற்கும் சிவப்புத் தோல் கிழங்கைக் கண்டு அதுவே வண்ணக் கிழங்கு என்று எண்ணிவிடக் கூடாது. அறுத்தால் உள்ளே பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நாம் உண்பது சதையை. எனவே கொடி வாங்குமுன் அந்தக் கொடியில் விளைந்த கிழங்கை அறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இலையை மட்டும் பார்த்துச் சதையின் நிறத்தை உறுதி செய்ய இயலாது.

'நீரிழிவைத் தீர்க்கும், புற்றுநோயைப் போக்கும்' என்று சொல்லிக் கொடியை அதிக விலைக்கு விற்றால் நம்ப வேண்டாம். இது நல்ல உணவு, மருந்தன்று. மாவுச்சத்து நிறைந்தது என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடுதான் உண்ண வேண்டும்.

பயிரிடும் முறை

நீர் தேங்காத, இளக்கமான நிலம் வேண்டும். நன்கு மக்கிய தொழு உரமிட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடிக்கவும். மூன்று, நான்கு கணுக்கள் உள்ள கொடித்துண்டுகளை 20 செ.மீ. இடைவெளியில் நடவும். ஒரு சென்டுக்குச் சுமார் 340 துண்டுகள் தேவைப்படும். ஆகையால் சில கொடிகளை மட்டும் வாங்கி, நாற்றங்காலில் பெருக்கிக்கொள்வது சிக்கனம். தழைச்சத்து மிகுந்தால் கொடி கொழுக்கும், கிழங்கு சிறுக்கும். கொடியின் கணுக்கள் ஆங்காங்கே வேர்விடாதபடி அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிட வேண்டும். சுமார் நான்கு மாதத்தில் கிழங்கு எடுக்கலாம்.

பெரும் பகைவன் கூன்வண்டு. மண் வெடிப்பு வழியே கிழங்கை அடைந்து துளைக்கும். மண் அணைத்து வெடிப்புகளை மூடுதல், வண்டு தாக்காத கொடியை நடுதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், பருவத்தில் அறுவடை செய்தல், அடுத்த பயிரை வேறு நிலத்தில் வைத்தல் ஆகிய ஐந்தையும் கடைப்பிடிக்கவும்.

சமையலில் கவனம்

ஊதா நிறம் நீரில் கரையும். தோலுரித்து நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் சத்தும் நீரோடு போகும். தோலுடன் முழுதாக ஆவியில் வேகவைப்பதே நல்லது. ஆரஞ்சு நிறச் சத்து கொழுப்பில் கரைவது. எனவே தேங்காய்த் துருவலோ வேர்க்கடலையோ சேர்த்து உண்டால் உடலில் நன்கு சேரும்.

முதல் ஆண்டில் ஒன்றிரண்டு சென்டுக்கு மேல் வேண்டாம். உள்ளே ஊதாவாக இருக்கும் கிழங்கைக் கெட்டுப்போனது என்று வியாபாரி ஒதுக்கவும் கூடும். நன்கு பராமரித்தால் ஒரு சென்டில் 70 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வீட்டுக்கும் ஆகும், சந்தையில் காட்டிப் பார்க்கவும் ஆகும். வாங்குவோர் உறுதியான பின் பரப்பைக் கூட்டுங்கள். கொடி கிடைக்குமிடம் பற்றிக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டறிந்து செயல்படுவது நலம்.