விண்ணப்பத்தில் வலிமையான சொல் எது?



படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளைகள் நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றனர். விண்ணப்பங்கள் போகின்றன, பதில் வருவதில்லை. “சிபாரிசு செய்ய ஆளில்லை” என்று மனம் நோகிறோம். சில வேளைகளில் அதுவும் உண்மையே. ஆயினும், நாம் அனுப்பிய சுயவிபரக் கோவை நம்மைப் பற்றி என்ன சொல்லிற்று என்பதையும் சற்று ஆராய வேண்டாமா?

தந்தையின் கடைக் கணக்கை ஐந்து ஆண்டுகள் பிழையின்றி எழுதிய மகள், “முன்னனுபவம்: இல்லை” என்று எழுதி அனுப்புகிறாள். சம்பளம் வாங்காத வேலை வேலையல்ல என்பது அவள் எண்ணம். அடுத்த வீட்டு இளைஞனோ, “கடின உழைப்பாளி, நேர்மையானவன், எப்பணியையும் திறம்பட ஆற்றுபவன்” என்று அடுக்குகிறான். அவள் உள்ளதை மறைத்தாள். அவன் ஒன்றையும் சொல்லவில்லை. இருவருடைய கடிதங்களும் ஒதுக்கப்படுகின்றன.

வலிமையான சொல் என்பது பெரிய சொல் அன்று. செய்த வேலையைக் கண்முன் நிறுத்தும் சொல்லே வலிமையானது. “நேர்மையானவன்” என்று எவரும் எழுதலாம். “சங்கக் கடையில் இரண்டு ஆண்டுகள் நாளாந்த விற்பனைப் பணத்தை எண்ணி ஒப்படைத்தேன்; மாத முடிவில் கையிருப்பைச் சரிபார்த்தேன்” என்று எழுத, அதைச் செய்தவனால் மட்டுமே இயலும். இங்கே நேர்மை என்ற சொல் இல்லை, நேர்மை தெரிகிறது.

ஆதலால் வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். “ஈடுபட்டேன்”, “பங்களித்தேன்”, “உதவியாக இருந்தேன்” என்பவை புகைமூட்டமான சொற்கள். “விழா ஒழுங்கு செய்யப்பட்டது” என்றால் செய்தவர் யார்? கற்பித்தேன், பழுதுபார்த்தேன், பதிந்தேன், தைத்தேன், சேகரித்தேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதனோடு அளவையும் சேருங்கள்: எத்தனை மாணவர், எத்தனை மாதம், எவ்வளவு பணம்.

பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஓவியர் லியனார்டோ டா வின்சி, ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில், மிலான் நகரை ஆண்டுவந்த லுடோவிகோ ஸ்போர்சாவிடம் பணி கேட்டுக் கடிதம் வரைந்தார். அதன் பிரதி மிலானிலுள்ள அம்புரோசிய நூலகத்தில் இன்றும் உள்ளது. ஆட்சியாளருக்கு வேண்டியிருந்தது போர்த் துணை. ஆகவே, தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய இரதம் எனத் தாம் செய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிட்டுச் சொன்னார். ஓவியத் திறனை இறுதியில்தான் குறித்தார். ஐயமிருந்தால் செய்துகாட்டவும் ஆயத்தம் என்று முடித்தார். வேலை தருபவரின் தேவையை முதலில் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் விளம்பரத்தை இருமுறை வாசித்து, அதில் கேட்டதற்குப் பொருந்துவதை முதலில் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அண்ணனோடு கூடநின்று பார்த்த வேலையை “மேற்பார்வை செய்தேன்” என்று எழுதாதீர்கள். நேர்முகப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். பின்னர் நீங்கள் எழுதிய உண்மைகளையும் எவரும் நம்பமாட்டார். “ஆங்கிலத்தில் பூரண தேர்ச்சி” என்பதைவிட, “ஆங்கிலத்தில் வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், பேசப் பழகி வருகிறேன்” என்பது மதிப்பைக் கூட்டும். உள்ளதைக் குறைப்பதும் கூட்டுவதும் இரண்டும் பிழையே.

அச்சிட்டுக் கொடுக்கும் கடையில் பிறருக்கு ஆயத்தப்படுத்திய தாளில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். ஆங்கிலத்தில் கேட்டாலும், முதலில் தமிழில் செய்ததைச் செய்தபடி எழுதி, பின்பு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பொருள் தெளிந்தபின் மொழி தானே வழிவிடும்.

இளைஞரே, இன்றிரவு உங்கள் தாளை எடுத்து, ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் என்ன செய்தேன்? எவ்வளவு செய்தேன்? அதை அறிந்தவர் யார்? விடை தராத வரியை வெட்டிவிடுங்கள். பெற்றோரே, நீங்களும் அருகில் அமருங்கள். பிள்ளை மறந்துவிட்ட உழைப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.